காதால் பார்த்த விமானங்கள்

அறுபதுகளில் மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பையன்களுக்கு ஒரு வித்தை தெரியும். தலையை நிமிர்த்தாமலேயே என்ன விமானம் போகிறது என்று சொல்லிவிடுவோம். டக்கோட்டா என்றால் அடித்தொண்டையில் உறுமும். அதில் 14 சிலிண்டர் பிஸ்டன் எஞ்சின்கள் இரண்டு. வைக்கவுண்ட் வந்தால் உறுமலே இருக்காது. காதைத் துளைக்கும் சீழ்க்கைதான்.

அந்தச் சீழ்க்கைக்குச் சொந்தக்காரர் ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின். 1946-ல் முதன்முதலாக ஓட்டிப் பார்க்கப்பட்டது. ஜெட் எஞ்சின் போலவே காற்றை அமுக்கி, எரிபொருளை எரித்து, டர்பைனைச் சுழற்றும். ஆனால் அந்தச் சக்தியில் பெரும்பகுதி முன்னால் இருக்கும் ப்ரொப்பெல்லருக்குப் போய்விடும். எஞ்சினின் அச்சு நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்றும். அத்தனை பெரிய ப்ரொப்பெல்லர் அந்த வேகத்தில் சுற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தையும் தாண்டிப் போகும். அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே நடுவில் கியர் வைத்து 1,400 சுற்றாகக் குறைத்தார்கள்.

1957-ல் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வைக்கவுண்ட் வந்தது. நான்கு டார்ட் எஞ்சின்கள். அதிர்வே தெரியாது என்று காட்ட, பறக்கும்போது மேஜையில் நாணயத்தை விளிம்பில் நிற்கவைத்து விளம்பரம் செய்வார்கள். டக்கோட்டாவில் குலுங்கிப் பழகியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

பிறகுதான் எங்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. 1961-ல் ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப், சில ஆண்டுகள் கழித்து ஆவ்ரோ. இரண்டிலும் அதே டார்ட், இரண்டிரண்டு. காது மட்டும் போதவில்லை, நிமிர்ந்து பார்த்தே ஆகவேண்டும். ஃப்ரெண்ட்ஷிப்புக்கு இறக்கை உடம்பின் மேலே, ஆவ்ரோவுக்குக் கீழே. ஆவ்ரோவின் எஞ்சின்கள் இறக்கையின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகாக இராது, ஆனால் காரணம் உண்டு. இறக்கை தாழ்வாக இருக்கும்போது ப்ரொப்பெல்லர் தரையில் இடிக்கக்கூடாதே! எஞ்சினை உயர்த்தினால் சக்கரக் கால்களை நீளமாக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு 'ஏன்' பிடிபட்டுவிட்டால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது.

அழகில் ஃப்ரெண்ட்ஷிப்புக்கே என் ஓட்டு. மனசு மட்டும் ஆவ்ரோ பக்கம். அது கான்பூரில் உருவானது. 1960-ல் விமானப்படையே அங்கே தொழிற்சாலையைத் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் ஏர் வைஸ் மார்ஷல் ஹர்ஜிந்தர் சிங். பொறியியல் படித்துவிட்டும், முப்பதுகளின் தொடக்கத்தில் விமானப்படையில் கடைநிலை 'ஹவாய் சிப்பாய்' ஆகச் சேர்ந்தவர். விமானத்தைத் தொட்டு வேலை செய்ய அன்று இந்தியருக்கு இருந்த வழி அது. அங்கிருந்து அவ்வளவு உயரத்துக்கு வந்தார்.

இங்கிலாந்தில் இந்த விமானத்தின் முதல் மாதிரி பறந்தது 1960 ஜூன் 24. கான்பூரில் பூட்டிய முதல் விமானம் பறந்தது 1961 நவம்பர் 1. இடையில் பதினாறே மாதங்கள்! பாகங்கள் அங்கிருந்து வந்தவைதான், மறுக்கவில்லை. ஆனாலும் சுதந்திரம் வாங்கிப் பதினான்கு வருஷம் ஆன நாட்டில், பயணிகளை ஏற்றிச் செல்லும் அளவுக்கு ஒரு விமானத்தைப் பூட்டிப் பறக்கவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு காலமான விமானப்படைத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் நினைவாக 'சுப்ரதோ' என்று பெயர் வைத்தார்கள். மொத்தம் 89 ஆவ்ரோக்கள் அங்கே உருவாயின.

அந்த நிறுவனமே ஹாக்கர் சிட்லியோடு கலந்து பெயர் மறைந்த பிறகும், நம் ஊரில் ஆவ்ரோ ஆவ்ரோவாகவே இருந்தது.

விமானப்படையின் ஆவ்ரோக்களுக்குப் பதிலாக 56 சி-295 விமானங்கள் வாங்க 2021-ல் ஒப்பந்தம் ஆயிற்று. அவற்றில் 40 குஜராத்தின் வதோதராவில் தயாராகின்றன. அதுவும் ப்ரொப்பெல்லர் விமானமே, ஆனால் எஞ்சின் டார்ட் இல்லை. அதன் சத்தத்தை நான் இன்னும் நேரில் கேட்கவில்லை.