இரண்டு மேனுவல்களுக்கு நடுவே ஓர் ஊர்

2001 மார்ச்சில் இழப்பீட்டு ஆணையம் பிறப்பித்த உத்தரவில் ஒரு கணக்கு வருகிறது. வேலூர் மாவட்டத்தில் 547 தோல் பதனிடும் ஆலைகள், அவற்றின் கழிவால் கெட்ட நிலம் 15,164 ஹெக்டேர், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், அவர்களுக்குச் சேரவேண்டிய தொகை சுமார் 26.82 கோடி ரூபாய். இந்த ஆணையம் அமையக் காரணம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கு. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று அதில் தீர்ப்பளித்தது. ‘மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும்’ என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

ஆனால் ஆணையத்தின் கணக்கு 1991 ஆகஸ்டில் தொடங்கி 1998 டிசம்பரில் நிற்கிறது. வழக்குக்கு ஒரு தொடக்கத் தேதி வேண்டும், அது நியாயம்தான். எனக்கு வேண்டியது அதற்கும் முந்தைய காலம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் வட்டாரம் அரசாங்கக் காகிதத்தில் முதலில் எங்கே தட்டுப்படுகிறது? கேள்வி எளிதுதான். விடை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கும் என்று நம்பித்தான் கிளம்பினேன்.

மாவட்ட வரலாறு தேடுகிற எவரும் முதலில் கேட்பது ‘மேனுவல்’. வட ஆற்காட்டுக்கு ஆர்தர் காக்ஸ் எழுதியது 1881இல் வந்தது. ஹரால்ட் ஸ்டூவர்ட் அதைத் திருத்தி விரித்த இரண்டு தொகுதிகள் 1895இல் வந்தன. மண், மழை, சாதி, கோயில், வரி, ஏரி எல்லாவற்றையும் ஓர் அதிகாரி ஒரே மூச்சில் சொல்லிவிட முயலும் புத்தகங்கள் இவை. அவர்களுடைய அலட்சியமும் முன்முடிவுகளும் பக்கத்துக்குப் பக்கம் பல்லிளிக்கும். ஆனாலும் தவிர்க்க முடியாது. தாலுகா வாரியாக ஊர்களைச் சொல்லிக்கொண்டு போகும் அவற்றில் ஆம்பூர் இருக்கிறது. பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வரும் வாணியம்பாடி, மாவட்டத்து ஊர்களின் வரிசையில் இல்லை.

காரணம் சாதாரணமானது. அப்போது வாணியம்பாடி சேலம் மாவட்டத்தில், திருப்பத்தூர் தாலுகாவில் இருந்தது. அதைத் தேடுகிறவர் கேட்க வேண்டியது லெ ஃபானு 1883இல் தொகுத்த சேலம் மேனுவலை. இரண்டு ஊருக்கும் ஒரே ஆறு, ஒரே ரயில் பாதை, ஒரே வியாபாரம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவும் உண்டு. காகிதத்தில் மட்டும் வேறு வேறு மாவட்டம்.

அந்த எல்லைக் கோட்டை யார் போட்டார்கள் என்று பின்னோக்கிப் போனால் போர்க்களத்தில் போய் நிற்கிறோம். வாணியம்பாடி, திருப்பத்தூர், கிருஷ்ணகிரி அடங்கிய பாரமகால் திப்பு சுல்தானிடம் இருந்தது. மூன்றாம் மைசூர் போர் முடிந்து 1792 உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கும்பினிக்கு வந்தது. ஆம்பூர் ஆற்காட்டு நவாபின் சீமை. அது 1801இல்தான் கும்பினி ஆட்சிக்குள் வந்தது. அதாவது ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே ஓடியது மைசூருக்கும் கர்நாடக நவாபுக்கும் இருந்த பழைய எல்லை. 1767இல் ஹைதர் அலி ஆம்பூர் மலைக்கோட்டையை முற்றுகையிட்டதும், கேப்டன் கால்வர்ட் அதை விடாமல் பிடித்துக்கொண்டதும் இந்த எல்லை வாசலுக்காகத்தான். திப்புவும் நவாபும் போன பிறகும் வெள்ளைக்கார எழுத்தர்கள் அந்த எல்லைக் கோட்டை அழிக்கவில்லை. அதை அப்படியே மாவட்ட எல்லையாக எடுத்துக்கொண்டார்கள்.

பாரமகாலைப் பொறுத்தவரை ஓர் அதிர்ஷ்டம் உண்டு. திருப்பத்தூரைத் தலைமையிடமாக வைத்துக்கொண்ட அலெக்சாண்டர் ரீட் எதையும் எழுதி வைக்கச் சொல்லும் ஆள். அவருக்குக் கீழே பழகியவர்தான் பின்னாளில் கவர்னரான தாமஸ் மன்றோ. அவர்கள் விட்டுப்போன கட்டுகளைச் சென்னை அரசு 1907 தொடங்கிப் பகுதி பகுதியாக அச்சிட்டது. குடிமக்கள், விளைபொருள், வரி என்று தனித்தனிப் பகுதிகள். ஆனால் நான் தேடும் தோல் வியாபாரம் கப்பலேறிப் போகிற வியாபாரம். அது இன்னும் பிறக்காத காலத்துக் காகிதங்கள் அவை.

சரி, பின்னால் வந்த புத்தகங்களைப் பார்ப்போம் என்றால், அங்கேதான் பெரிய பள்ளம். 1911 ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. அதுவரை வட ஆற்காட்டின் தலைநகரமே சித்தூர்தான். அது போனதும் தலைமையிடம் வேலூருக்கு வந்தது. வட ஆற்காடு இழந்ததை ஈடுகட்டுவதுபோலத் திருப்பத்தூர் தாலுகாவைச் சேலத்திலிருந்து எடுத்து இதனோடு ஒட்டினார்கள். எஃப். ஜே. ரிச்சர்ட்ஸின் சேலம் கெஸட்டியர் 1918இல் வெளிவந்தபோது திருப்பத்தூர் அந்த மாவட்டத்தில் இல்லை. ஸ்டூவர்ட் வட ஆற்காட்டை எழுதியபோது திருப்பத்தூர் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. தோல் ஷாப்புகள் (பதனிடும் இடங்கள்) பெருகிய, 1883க்கும் 1918க்கும் இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் வாணியம்பாடி இரண்டு புத்தகங்களுக்கும் இடையில் விழுந்துவிட்டது.

மாவட்டப் புத்தகம் கைவிட்டால் தொழில்துறைக் கோப்பு இருக்குமே என்று தோன்றும். சென்னை மாகாணத்தில் அல்ஃபிரெட் சாட்டர்டன் முன்னின்று நடத்திய தொழில்துறை 1906இல் தொடங்கியது. அரசாங்கம் தொழில் நடத்துவது தனியார் வேலையில் தலையிடுவது என்று லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு 1910இல் தடுத்தார். மறுபடி 1914இல்தான் அது உயிர்பெற்றது. எல்லை மாறிய 1911ஆம் ஆண்டு சரியாக இந்த இடைவெளிக்குள் வருகிறது. ஆராய்ச்சிக்காரரைப் பழிவாங்க யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டதுபோல.

தொழிற்சாலைப் பட்டியல்களையும் புரட்டினேன். அங்கும் இந்த ஷாப்புகளைக் காணோம். 1881 தொழிற்சாலைச் சட்டம், இயந்திர விசை இருந்து நூறு பேர் வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்றது. 1891 திருத்தம் அதை ஐம்பதாகக் குறைத்தது, ஆனால் இயந்திரம் வேண்டும் என்பது மாறவில்லை. அன்றைய தோல் ஷாப்பில் இயந்திரம் ஏது? குழிகள், தொட்டிகள், வளைந்த கட்டை, கத்தி, ஆள் கை. எத்தனை பேர் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்றாலும் சட்டத்தின் கண்ணுக்கு அங்கே தொழிற்சாலை இல்லை.

இந்த இடத்தில்தான் வழி மாற்ற வேண்டியிருந்தது. தோலைத் தேடாமல் தோலுக்கு வேண்டியதைத் தேடினேன்.

பழைய முறையில் ஓர் ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ என்ன பாடு படுகிறது என்று பாருங்கள். உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைத்து உப்பைக் கழுவுவார்கள். பிறகு சுண்ணாம்புக் குழியில் நாள்கணக்கில் கிடக்கும். மயிர் இளகியதும் வளைந்த கட்டையில் போட்டு, இரண்டு பக்கமும் பிடி உள்ள கத்தியால் மயிரைத் தள்ளி, திருப்பிப் போட்டு உட்புறத்து ஜவ்வைச் சீவுவார்கள். சுண்ணாம்பு போகக் கழுவி, இடித்த ஆவாரம்பட்டைச் சாற்றில் மாற்றி மாற்றி ஊறப்போடுவார்கள். பட்டைச் சாறு ஏறஏறத் தோல் மஞ்சள் பூக்கும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர், எண்ணெய்த் தடவல், நிழல் உலர்த்தல். இப்படிப் பாதி வேலை முடிந்த தோல்தான் சென்னைப் பெரியமேட்டு மண்டி வழியாக லண்டன் போயிற்று.

ஆவாரம்பட்டை காட்டில் கிடைப்பது. காடு 1882 சட்டத்துக்குப் பிறகு அரசாங்கத்தின் பிடியில். பட்டை உரிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள், வருமானம் கணக்கில் வந்தது. ஆக, தோல் வட்டாரத்தின் வளர்ச்சியை வனத்துறைப் பேரேடுகளில் பின்தொடரலாம். கடுக்காயும் அப்படியே. காட்டுக் கணக்கு எழுதியவர்களுக்குத் தோலைப் பற்றிக் கவலையில்லை. அதனாலேயே நான் அவர்களை நம்புகிறேன்.

இந்தத் தடத்தில்தான் சாட்டர்டன் 1904இல் வெளியிட்ட தோல் பதனிடல் பற்றிய நூல் உதவிக்கு வந்தது. நாட்டு முறையைச் செம்மைப்படுத்தி ஏற்றுமதிக்கு வழி திறந்தவராகச் சார்ல்ஸ் டி சூசா என்ற யூரேசியரின் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுப்பகுதிக்குரியதாகப் பழைய எழுத்துகளில் வருகிறது. அவர் களம் சென்னை. பாலாற்றுக்கு அந்த முறை எப்படி வந்தது?

வியாபாரிகளைக் கேட்டால் ஒரே பதில்தான்: ‘பாலாத்துத் தண்ணி தோலுக்கு ஏத்த தண்ணி, சார்.’ மணலைக் கொஞ்சம் தோண்டினால் ஊற்று வரும் ஆறு அது, மறுக்கவில்லை. ஆனால் அதே பாலாறு காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கமும் போகிறது. அங்கே ஓர் ஆம்பூர் உருவாகவில்லை. பாலாறே இல்லாத திண்டுக்கல்லிலும் ஈரோட்டிலும் தோல் ஷாப்புகள் செழித்தன. என் கணக்கில் தண்ணீரைவிடத் தண்டவாளம் முக்கியம். 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு, மேல்விஷாரத்துக்கும் ராணிப்பேட்டைக்கும் பக்கத்தில். பாதை அங்கிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்கு நீண்டது. 1864இல் பெங்களூர்க் கிளையும் திறந்தது. மைசூர்ச் சீமையின் பச்சைத் தோல் ஒரு பக்கமிருந்து இறங்க, பதனிட்ட தோல் மறுபக்கம் துறைமுகத்துக்கு ஏறும். மேலும் கீழும் வண்டி, நடுவில் பட்டைக் காடு, கையில் முதல் வைத்திருந்த லப்பை வியாபாரிகள். தண்ணீர் இதற்கெல்லாம் துணை.

அந்தத் தண்ணீர் ஒரே இரவில் ஊரைக் கொண்டுபோனது 1903 நவம்பர் 12 அன்று. மேலே மைசூர் சமஸ்தானத்தில், கோலார்ப் பக்கம், பாலாற்றில் சங்கிலிபோல இருந்த ஏரிகள் உடைந்தன. பேத்தமங்கலம் ஏரியும் அவற்றில் ஒன்று. வாணியம்பாடியில் செத்தவர்கள் இருநூறு பேர் அளவில். அதற்கு வாணியம்பாடியில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. ஆவணம் தேடுகிறவருக்கு இந்த வெள்ளம் ஒரு பாடநூல். ஏரி உடைந்தது மைசூர் அரசில், ஆள் செத்தது சேலம் மாவட்டத்தில், தண்ணீர் அடுத்துப் போய் அடித்தது வட ஆற்காட்டில். ஒரு வெள்ளத்துக்கு மூன்று நிர்வாகம், மூன்று கட்டு. பாலாற்றுத் தண்ணீரை யார் எவ்வளவு தேக்கலாம் என்று மைசூரும் சென்னையும் 1892இல் உடன்படிக்கை போட்டிருந்ததால் பொதுப்பணித் துறைக் கோப்புகளில் இந்த ஆறு ஓயாமல் பேசப்படுகிறது. மழை இல்லாத வருஷத்தில் சண்டை, மழை வந்த வருஷத்தில் மனு.

முதல் உலகப் போர் வந்ததும் எல்லாம் தலைகீழ். பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்குச் சென்னை மாட்டுத்தோல் தேவைப்பட்டது. ஏற்றுமதியை அரசாங்கமே கையில் எடுத்துக்கொண்டது. தட்டுப்படவே மாட்டேன் என்றிருந்த தொழில் திடீரென்று கோப்புக் கோப்பாகப் பேசத் தொடங்குகிறது. அரசாங்கம் தானே வாங்கும்போதுதான் கணக்கு சுத்தமாக இருக்கும்போல. போரில் வந்த பணம் ஊரில் என்ன ஆயிற்று என்பதற்குக் கட்டடங்கள் சாட்சி. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கியது. மேல்விஷாரத்துத் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் கொடுத்த கொடைகள் சென்னை வரை நீண்டன; சென்ட்ரல் ரயில் நிலையத்தின் எதிரே உள்ள சித்தீக் சராய் அவர் கட்டியது.

கொடுத்தவர்கள் பெயர் கல்லில் இருக்கிறது. குழியில் நின்றவர்கள் பெயர்? பெரும்பாலும் சேரியிலிருந்து வந்த தலித் மக்கள், அவர்களோடு ஏழை முஸ்லிம்கள். வனத்துறைக் கோப்பில் பட்டை உரித்தவர் இல்லை, குத்தகைக்காரர் மட்டும் இருக்கிறார். தொழிலாளர் விசாரணைக் குழுவுக்காக அஹ்மத் முக்தார் தோல் தொழில் பற்றித் தயாரித்த அறிக்கை 1946இல் வந்தது. கூலி, வேலை நேரம் என்று தொழிலாளிகள் ஒரு கூட்டமாகவாவது பக்கத்தில் ஏறுவது அதில். 1948 தொழிற்சாலைச் சட்டம், இயந்திரமே இல்லாவிட்டாலும் இருபது பேர் இருந்தால் போதும் என்ற பிறகுதான் பழைய பாணி ஷாப்புகள் பட்டியலுக்குள் வந்தன.

அதற்குள் பட்டை மாறியிருந்தது. ஆவாரம் போய் வாட்டில் வந்தது. 1972இல் சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து முடிவுற்ற தோலையே அனுப்ப வேண்டும் என்று அரசு நெருக்க, குரோமியம் டிரம்மோடு வந்து சேர்ந்தது. வேலூர் மன்றம் 1991இல் போட்ட மனு பேசும் கெட்ட கிணறுகளுக்கு அங்கிருந்து நேர்ப்பாதை.

எல்லைக் கோடும் சும்மா இருக்கவில்லை. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. 1996இல் ஒரு பாதிக்கு வேலூர் என்று பெயர். 2019இல் அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. 1911இலேயே பழைய எல்லைக் கோட்டைத் தாண்டி ஒன்றுசேர்ந்த ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போதும் ஒன்றாக, திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் ‘வேலூர் மாவட்டம்’ என்று எழுதிய 2001 இழப்பீட்டுப் பட்டியலின் கிராமங்கள் மூன்று கலெக்டர் அலுவலகங்களுக்குச் சிதறிவிட்டன. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே இழப்பீட்டையும் பாலாற்றையும் மறுபடி கையில் எடுத்திருப்பதால், அந்தக் கட்டுகளை மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

நான் இன்னும் குழியில் நின்றவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆம்பூரில் பெத்தேஸ்தா மருத்துவமனையையும் கன்கார்டியா பள்ளியையும் நடத்திவந்தது அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் மிஷன். சேரிகளுக்குள் போய்ப் பேசியவர்கள் அவர்கள். மிஷன்காரர்கள் ஞானஸ்நானம் கொடுத்தால் பெயர், தகப்பன் பெயர், ஊர் என்று ஏட்டில் எழுதுவது வழக்கம், தங்கள் நாட்டுக்கு அறிக்கை அனுப்புவதும் வழக்கம். அந்தச் சபையின் ஆவணக் காப்பகம் இருப்பது செயின்ட் லூயிஸ் நகரில். எழும்பூரில் கிடைக்காத ஆம்பூர்க்காரர்களின் பெயர் அங்கே இருக்கிறதா என்று கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறேன்.