டி வோர்ம்ஸ் (குடும்பப்பெயர்)

இங்கிலாந்தில் அரிதாக வழங்கிய யூதக் குடும்பப்பெயர். கண்டி–நுவரெலியா வீதியில் புசல்லாவையை ஒட்டியுள்ள ரொத்சைல்ட் தோட்டத்தை உண்டாக்கிய துரைமார் இப்பெயரினர். தோட்டத்துக்கு அவர்கள் வைத்ததோ தாய்வீட்டுப் பெயர்.

ரைன் ஆற்றங்கரையில் 1034இலேயே தொழுகைக்கூடம் எழுப்பிய வோர்ம்ஸ் நகரம்தான் பெயரின் வேர். விட்டுவந்த ஊரே குடும்பப்பெயராக ஒட்டிக்கொள்வது ஐரோப்பிய யூதரிடையே சாதாரணம். பிராங்பேர்ட்டில் வாழ்ந்த பெனடிக்ட் வோர்ம்ஸ், வங்கியாளர் மேயர் ஆம்ஷெல் ரொத்சைல்டின் மூத்த மகளை மணந்தார். ரொத்சைல்ட் ஊர்ப்பெயர் அல்ல. முன்னோர் வீட்டு அடையாளமான சிவப்புக் கேடயத்தைக் குறிப்பது. அவர்கள் வீடு மாறியபோதும் பெயர் கூடவே போயிற்று.

பெனடிக்ட்டின் மக்கள் சாலமன், கேப்ரியல், மாரிஸ் மூவரும் இங்கிலாந்தில் குடியேறினர். கோப்பி மோகம் உச்சத்தில் இருந்த 1840களின் தொடக்கத்தில் மாரிசும் கேப்ரியலும் இலங்கைக்கு வந்தார்கள். அரசு அப்போது மலைக்காட்டை ஏக்கர் 5 ஷில்லிங் என்ற அடிவிலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. கங்காணிமாரோடு மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியாகக் கால்நடையாக வந்த தமிழ்நாட்டு ஆட்களின் உழைப்பில்தான் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. சீனா போய்த் திரும்பிய மாரிஸ் கொண்டுவந்த தேயிலைக் கன்றுகள் 1841இல் ரொத்சைல்டில் நடப்பட்டன. சீனர் ஒருவரை வைத்துக் கொஞ்சம் தேயிலை செய்தும் பார்த்தார்கள், செலவு கட்டுப்படியாகவில்லை.

இலங்கைத் தேயிலை என்றதும் லூல்கந்துரையும் 1867உம் ஜேம்ஸ் டெய்லரும்தான் பாடநூல்களில் வரும். வணிகப் பயிராக்கியவர் என்ற அளவில் அது நியாயமே. ஆனால் தோட்டத்தில் நட்டுப் பார்த்ததைக் கேட்டால் வோர்ம்ஸ் சகோதரர்கள் கால் நூற்றாண்டு முந்தியவர்கள். அவர்களுக்கும் முன்னதாகப் பேராதனைப் பூங்காவில் தேயிலை வளர்ந்தது. 1865இல் தோட்டங்களைச் சிலோன் கம்பெனிக்கு விற்றார்கள். நான்கே ஆண்டில் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. நல்ல நேரத்தில்தான் கைகழுவியிருக்கிறார்கள்!

சாலமனுக்கு 1871இல் ஆஸ்திரியப் பேரரசர் பிரபுப் பட்டம் அளித்தார். அவர் மகன் ஹென்றி 1888 முதல் 1892 வரை பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் துணைச் செயலர். சித்தப்பாமார் தோட்டம் போட்ட இலங்கையும் அந்த அலுவலகத்தின் ஆளுகையில்தான் இருந்தது. 1895இல் அவர் சரே மாவட்டக் கிராமம் ஒன்றின் பெயரால் பிர்பிரைட் பிரபு ஆனார். வோர்ம்ஸ் பெயர் மறுபடியும் பின்னுக்குப் போனது. பின்வந்தோர் சேர்த்த இலங்கைத் தபால்தலைத் தொகுப்பு சேகரிப்போரிடையே புகழ்பெற்றது. 20ஆம் நூற்றாண்டில் இப்பெயரோடு அறியப்பட்டவர் வேதியியலாளரும் வண்ணத்துப்பூச்சி ஆய்வாளருமான சார்ள்ஸ் டி வோர்ம்ஸ் (1903–1979).