மிரளும் குதிரையைக் கையாளுதல்: பண்டைய கிரேக்கர் கண்ட வழி

எதிர்பாராத உருவமோ ஒலியோ மணமோ எதிர்ப்பட்டதும் குதிரை திடுக்கிட்டு விலகுவதை அல்லது ஓட்டமெடுப்பதை மிரட்சி என்கிறோம். குதிரை புல் மேயும் விலங்கு. கொன்று தின்னும் விலங்குகளிடமிருந்து ஓடித் தப்புவது அதன் இயல்பு. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், ஏறியிருப்பவர் கவனிக்காத சிறு அசைவும் அதற்குத் தெரிந்துவிடும். பண்டைய கிரேக்கரிடம் அங்கவடி கிடையாது. வெறும் முதுகிலோ துணி விரிப்பின் மேலோ அமர்ந்தே சென்றனர். குதிரை மிரண்டால் கீழே விழுவது எளிது.

போர்க்களத்தில் மிரட்சி

ஒரு படையையே நிலைகுலையச் செய்யும் அளவுக்கு இந்த அச்சம் வலியது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் சைரஸ், லிடிய மன்னர் குரோசஸின் குதிரைப் படைக்கு எதிரே ஒட்டகங்களை நிறுத்தினார் என்று ஹெரோடோடஸ் எழுதுகிறார். ஒட்டகத்தின் உருவத்தையும் வாடையையும் தாங்காமல் குதிரைகள் திரும்பி ஓடின. வீரர்கள் கீழே குதித்து, தரையில் நின்றே போரிட வேண்டியதாயிற்று.

செனபோனின் அறிவுரை

ஏதென்ஸ் நகரைச் சேர்ந்த செனபோன் படைத்தலைவர், வரலாற்றாசிரியர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றித் தனி நூல் எழுதினார். மிரளும் குதிரையை அடித்து விரட்டக் கூடாது என்பது அவர் கருத்து. அதற்கு அவர் தரும் காரணம் கூர்மையானது: அடி விழும்போது, தான் அஞ்சிப் பார்க்கும் பொருளே அந்த வலியைத் தருகிறது என்று குதிரை எண்ணிக்கொள்ளும், அச்சம் குறையாது, கூடும். மாறாக, ஏறியிருப்பவர் அந்தப் பொருளைத் தாமே தொட்டுக் காட்டி, குதிரையை மெல்ல அதன் அருகே அழைத்துச் செல்ல வேண்டும். இளங்குட்டிகளைக் கூட்டத்தின் நடுவே நடத்திச் சென்று, பலவகைக் காட்சிகளுக்கும் ஒலிகளுக்கும் பழக்க வேண்டும். சினத்தோடு குதிரையை அணுகவே கூடாது.

அலெக்சாந்தரும் நிழலும்

பியூசிபாலஸ் என்ற குதிரையை யாராலும் அடக்க முடியவில்லை. அது தன் நிழலைக் கண்டே அஞ்சுகிறது என்பதைச் சிறுவன் அலெக்சாந்தர் கவனித்தான். நிழல் பின்னால் விழும்படி அதன் முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பி, தட்டிக் கொடுத்து, பிறகே ஏறினான் என்கிறார் புளூட்டாக். அவர் இதை எழுதியது நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னர். ஆகவே கதையின் ஒவ்வொரு விவரத்தையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அடக்குமுன் அச்சத்தின் காரணத்தைத் தேட வேண்டும் என்ற கருத்து அக்காலத்தில் மதிக்கப்பட்டதை இது காட்டுகிறது.

இன்றைய பொருத்தம்

இன்று காட்டுப் பாதையில் குதிரையேறிச் செல்பவர் முன் திடீரென ஒரு மானோ மிதிவண்டியோ காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பையோ வரலாம். செனபோன் அறியாத பொருள்களும் இவற்றில் உண்டு. எனினும் பயிற்சியாளர்கள் இன்றும் அவர் சொன்னதையே செய்கின்றனர்: குதிரையைச் சிறிது சிறிதாகப் பழக்குகின்றனர், தாமும் பதறாமல் இருக்கின்றனர். செனபோன் வேண்டியது போருக்கு உதவும் குதிரையை. அதற்கும் அவர் கண்ட வழி பொறுமையே.