நரம்பு ஏற்பியும் பாம்பு நஞ்சும்

ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள் நரம்புணர்வு கடத்தி எனப்படும். அதைப் பெற்றுக்கொள்ளும் புரதம் ஏற்பி எனப்படும். முதன்முதலில் பிரித்து அறியப்பட்ட ஏற்பி, தசைகளை இயக்கும் அசிட்டைல்கோலின் ஏற்பி ஆகும். அதை அடையாளம் காண உதவியது பாம்பின் நஞ்சு.

செயல்படும் முறை

மின்துடிப்பு நரம்பின் முனையை அடைந்ததும் கால்சியம் அயனிகள் உள்ளே நுழைகின்றன. உடனே அங்குள்ள நுண்பைகள் அசிட்டைல்கோலினை வெளியிடுகின்றன. தசையிலுள்ள ஏற்பி ஐந்து புரதக்கூறுகள் வட்டமாகச் சேர்ந்தது. நடுவில் ஒரு துளை உண்டு. இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் பொருந்தினால் துளை திறந்து சோடியம் அயனிகள் பாய்கின்றன; தசை சுருங்குகிறது. பின்னர் ஒரு நொதி அசிட்டைல்கோலினைச் சிதைத்துவிடுகிறது.

கண்டுபிடிப்பின் வரலாறு

1905இல் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி, நிக்கோட்டினும் குராரே நஞ்சும் தசையில் செயல்படுவதை ஆராய்ந்து, தசையில் 'ஏற்கும் பொருள்' ஒன்று இருக்க வேண்டும் என்றார். 1921இல் ஓட்டோ லோவி, ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை மற்றொரு இதயத்தில் செலுத்தினார். இரண்டாவது இதயமும் மெதுவாகத் துடித்தது. நரம்பு வேதிப்பொருளால் செய்தி அனுப்புகிறது என்பது உறுதியானது. 1936இல் லோவியும் ஹென்றி டேலும் நோபல் பரிசு பெற்றனர்.

ஆனால் ஏற்பியை எவரும் பிரித்தெடுக்கவில்லை. 1963இல் தைவானில் சாங், லீ ஆகியோர் அங்குள்ள கட்டுவிரியன் இனத்தின் நஞ்சிலிருந்து ஆல்பா-பங்காரோடாக்சினைப் பிரித்தனர். இது ஏற்பியை இறுகப் பற்றிக்கொள்ளும். 1970இல் பாரிசில் ஷான்ஷே குழுவினர் லீயுடன் இணைந்து, இந்த நஞ்சைக் கொண்டு மின்விலாங்கின் ஏற்பியை அடையாளம் கண்டனர்.

இருளர்களின் பங்கு

திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் வாழும் இருளர்கள் பாம்பு பிடிப்பதில் தேர்ந்தவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் வணிகம் நின்று, பலர் பிழைப்பை இழந்தனர். 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்தபின் பாம்புகளைக் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சிலிருந்து நஞ்சுமுறி மருந்து தயாராகிறது. இத்துறையில் புகழ்பெற்ற வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்கு 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

மருத்துவப் பயன்

நல்ல பாம்பின் நஞ்சு தசையின் ஏற்பியை அடைத்துவிடும். இமை சரியும், பின்னர் மூச்சுத் தசைகளும் செயலிழக்கும். நஞ்சுமுறியுடன் நியோஸ்டிக்மினும் கொடுத்தால் அசிட்டைல்கோலின் சிதைவது தடைபட்டு அதன் அளவு கூடும். நஞ்சுடன் போட்டியிட்டு ஏற்பியை மீண்டும் இயக்கும். கட்டுவிரியன் நஞ்சு பெரும்பாலும் நரம்பு முனையையே சேதப்படுத்துவதால் இம்மருந்து அதிகம் பயன்படுவதில்லை. முனை மீண்டும் வளரும்வரை செயற்கைச் சுவாசமே உயிரைக் காக்கும். எனவே கடிபட்டவரை நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.