பிலடெல்பியாவும் விடுதலை மணியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் செல்லும் நம் அன்பர்கள் பிலடெல்பியா நகரைக் காணாது மீளலாகாது. வில்லியம் பென் என்பார் 1682-ஆம் ஆண்டில் நிறுவிய இந்நகரத்துச் சுதந்திர மண்டபத்திலேதான் 1776-இல் விடுதலைச் சாசனம் ஏற்கப்பெற்றது. 1787-இல் அரசியலமைப்பும் உருப்பெற்றது. அருகே, விரிசலுற்ற விடுதலை மணி விளங்குகின்றது. அப்பெயரை 1830-களில் வழங்கியோர் அடிமை ஒழிப்புக்கு உழைத்தோரே.

அவ்வுழைப்பின் காரணம் மணிக்கு அணித்தாகவே புலப்படும். வாஷிங்டன் குடியரசுத் தலைவராய் வதிந்த மாளிகையின் அடித்தளச் சுவடுகள் அங்குள. அம்மாளிகையில் ஒன்பதின்மரை அவர் அடிமைகளாக வைத்திருந்தார். அவருள் ஓனா ஜட்ஜ் என்னும் நங்கை 1796-இல் தப்பிச் சென்று, இறுதிவரை பிடிபடாது வாழ்ந்தாள்.

மணியை மட்டும் கண்டு மீள்வார் பாதி வரலாறே கண்டவராவர். முன்னோர் பெருமையோடு அவர்தம் குறையையும் மறையாதுரைத்தல் நம் சங்கத்தார்க்கும் கடனென்று கருதுகின்றோம்.