இறங்கிய நேரம் எழுதப்படாத விமானங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் வாசியுங்கள். சீனக்குடா, வெள்ளைமணல், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். உங்களிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது.

போன வருடம் ஒரு நாள் இரவு எனது பழைய மாணவன் ஒருவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்தது. இங்கிலாந்தில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறான். "சேர், இங்க ஒரு வயசான அம்மா இருக்காங்க. நான் சிலோன் எண்டு தெரிஞ்சதும் என்ட கையப் புடிச்சிக்கிட்டு விடுறாங்க இல்ல. அவங்கட மாமா, உம்மாட தம்பி, 42ஆம் வருசம் ஏப்ரல்ல நம்மட பக்கத்துக் கடல்ல பிளேனோட போயிட்டாராம். கடல் எந்தப் பக்கம் எண்டு மட்டும் கேக்குறாங்க சேர்."

எந்தப் பக்கம்? இருபது வருடத்துக்கு மேலாக வரலாறு படிப்பிக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஜப்பான் குண்டு போட்ட கதை நம் வீடுகளில் தெரியாதவர்கள் இல்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு கொழும்பில். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 வியாழக்கிழமை காலை திருகோணமலையில். எண்ணெய்க் குதத்தில் ஜப்பானிய விமானம் ஒன்று விழுந்து தாங்கி நாள்கணக்காக எரிந்தது, மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் கப்பல் 300க்கும் மேற்பட்டவர்களோடு தாண்டது, எல்லாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதே காலையில் இங்கிருந்து விமானங்கள் எழும்பி அந்த ஜப்பானியக் கப்பல் அணியைத் தேடிப் போய் அடித்தன என்பதை நான் ஒருநாளும் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. எனக்கே சரியாகத் தெரியாது. அதனால்தான் தேடத் தொடங்கினேன்.

அவை பிளென்ஹெய்ம் என்ற இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள். பிரித்தானிய விமானப்படையின் 11ஆம் படையணி. மத்திய கிழக்குச் சண்டைகளில் அடிபட்டு, ஒரு மாதத்துக்கு முன்னர்தான் இலங்கைக்கு வந்திருந்தது. ஓடுபாதை எங்கே தெரியுமா? கொழும்பு குதிரைப் பந்தயத் திடல். இன்று கடைகளும் விளையாட்டு மைதானமும் உள்ள அதே இடம். ரத்மலானையை அறிந்திருந்த ஜப்பானியர் இந்தத் திடல் விமானத் தளமாக மாறியிருந்ததை அறிந்திருக்கவில்லை.

9ஆம் திகதி காலை பதினொரு விமானங்கள் கிளம்பின. எஞ்சின் கோளாறால் இரண்டு திரும்பிவிட்டன. மிச்சம் ஒன்பதும் துணைக்கு ஒரு போர்விமானம்கூட இல்லாமல் கிழக்குக் கடலுக்கு மேல் போய், ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் கொண்ட அந்த அணியைக் கண்டுபிடித்தன. ஏறக்குறைய 11,000 அடி உயரத்திலிருந்து குண்டுகள் விழுந்து வெடிக்கும் வரைக்கும் அகாகியில் இருந்தவர்களுக்கு மேலே விமானம் நிற்பது தெரியாது. அணித் தலைவரின் கப்பலான அகாகிக்கு அருகில் குண்டுகள் விழுந்தன. ஒன்றும் படவில்லை. பிறகு ஸீரோ விமானங்கள் துரத்தின. நான்கு பிளென்ஹெய்ம்கள் அங்கேயே வீழ்ந்தன. தப்பி வந்தவை வழியில், ஹேர்மிஸைத் தாக்கிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த வேறு ஜப்பானிய விமானங்களைச் சந்தித்தன. அதில் ஐந்தாவதும் போனது. தலைமை தாங்கிப் போன ஸ்குவாட்ரன் லீடர் கென்னத் ஓல்ட்டும் திரும்பவில்லை.

பேர்ள் ஹாபரிலிருந்து நம் கடல் வரை அடித்துக்கொண்டே வந்த அந்த அணி ஒழுங்கான வான் தாக்குதல் ஒன்றை எதிர்கொண்டது அன்றுதான் முதல் தடவை. பார்ப்பவர்கள் கவனிக்காத இடத்திலிருந்து குண்டு விழலாம் என்ற பாடத்தை ஜப்பானியர் அன்று படிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மிட்வே கடலில் அகாகி, சோரியு, ஹிரியு மூன்றும் தாண்டன. சரி, அது வேறு பதிவு.

நான் சொல்ல வந்தது தேடிய கதையை. ஒரு விமானப் படையாளைத் தேடுவதற்கு முதலில் வேண்டியது பெயர் அல்ல, இலக்கம். ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள், இலக்கம் ஒருவருக்குத்தான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சார்ஜன்டாக இருந்தவர் அதிகாரியாகப் பதவி உயர்ந்தால் புது இலக்கம் கொடுப்பார்கள். பழைய இலக்கத்தில் தேடினால் ஆள் பாதியில் மறைந்துபோவார். லண்டன் கசெட் என்ற அரச வர்த்தமானியில் அந்த நியமனம் வந்திருக்கும், அதில் பிடித்துத்தான் மற்றப் பாதிக்குப் போக வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு மூன்று வாரம் போனது.

இலக்கம் கிடைத்த பிறகு படையணியின் நாட்குறிப்பு. லண்டனுக்குப் பக்கத்தில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் விமானப்படையின் ஒவ்வொரு படையணியினதும் நடவடிக்கைப் பதிவேடுகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே இணையத்தில் எடுக்கலாம். அதில் இரண்டு வகைப் படிவங்கள். 540 என்பது அன்றாட நடப்பைச் சுருக்கமாகச் சொல்வது. 541 என்பது ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி: விமானத்தின் இலக்கம், போனவர்களின் பெயர்கள், எழும்பிய நேரம், இறங்கிய நேரம். நம் பாடசாலை வரவு இடாப்பு மாதிரித்தான். விமானம் திரும்பி வராவிட்டால் இறங்கிய நேரத்தை எழுத ஆளில்லை. அந்தக் கட்டம் வெறுமையாகக் கிடக்கும், அல்லது ஒரு கோடு. வரவு இடாப்பில் பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு நாளுக்குப் பிறகு எதுவுமே எழுதாமல் விட்ட அனுபவம் நம் மாகாணத்து ஆசிரியர்களுக்கு இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு பாடசாலை திறந்த நாளை நான் மறக்கவில்லை. அதைப் பார்த்ததும் கணினியை மூடிவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

நேரங்களை அப்படியே நம்பவும் கூடாது. ஜப்பானியக் கடற்படை உலகின் எந்த மூலையில் நின்றாலும் தோக்கியோ நேரத்தில்தான் எழுதும். இலங்கையிலும் போர்க்காலத்தில் கடிகாரத்தை முன்னால் நகர்த்தியிருந்தார்கள். ஒரே சண்டை ஒரு பக்கத்துக் குறிப்பில் காலையிலும் மறுபக்கத்துக் குறிப்பில் பகலிலும் நடந்த மாதிரித் தெரியும். எழுதியவர்களும் மனிதர்கள்தான். நண்பர்கள் திரும்பாத நாளில் களைத்துப்போய் இருந்து எழுதியதில் பெயரின் எழுத்து பிசகியிருக்கும், முதலெழுத்து மாறியிருக்கும். அதனால் ஒரே இடத்தில் கண்டதை உண்மை என்று எடுத்துக்கொள்ளாமல் இரண்டாவது ஆவணத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

அடுத்தது பறப்பவர்கள் ஒவ்வொருவரும் வைத்திருந்த பறப்புப் பதிவுப் புத்தகம். எத்தனை மணித்தியாலம், எங்கிருந்து எங்கே, யாரோடு, எல்லாம் அதில் இருக்கும். இறந்தவருடையது குடும்பத்துக்குப் போகும். குடும்பம் கேட்டு வாங்காத புத்தகங்களைச் சில காலம் வைத்திருந்துவிட்டு, 1960 அளவில் சிலவற்றை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிட்டார்கள். இடம் போதவில்லையாம்! இதை வாசித்தபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. நம்மூரில் கறையானும் யுத்தமும் செய்த வேலையை அங்கே ஆட்கள் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது. நிலாவெளி வீதியில் உள்ள யுத்த மையவாடி அவர்களுடையதுதான். அவர்களின் பட்டியலில் பெயர், இலக்கம் எல்லாம் இருக்கும். சிலருக்குக் கீழே இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர் என்று ஒரு வரி. சிலருக்கு அது இல்லை. இல்லாதவர்கள் அநாதைகள் என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. போர் முடிந்தபின் குடும்பங்களுக்கு ஒரு படிவம் அனுப்பினார்கள். நிரப்பி அனுப்பியவர்களுடைய விபரம் ஏறியது. வீடு மாறியவர்கள், படிவத்தைக் கையில் எடுக்கவே மனம் வராதவர்கள், அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த வரி இல்லை.

குடும்பங்களுக்குச் செய்தி போன முறையும் ஒரு ஒழுங்கில்தான். முதலில் தந்தி: காணவில்லை. பிறகு படையணித் தலைவரின் கடிதம். பிறகு அவருடைய உடுப்பு, கடிதங்கள், சவரப் பொருட்கள் கணக்கெடுக்கப்பட்டு வீட்டுக்கு வரும். ஏறக்குறைய ஆறு மாதம் போனபின், உத்தியோகபூர்வத் தேவைகளுக்காக இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார் என்று இன்னொரு கடிதம். அந்த ஆறு மாதம்தான் கொடுமை. அதை நீட்டிக்கொண்டவர்களும் உண்டு. அதற்கு நியாயமும் இருந்தது. ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலவிலிருந்து போய் ஜப்பானிய அணியை முதலில் கண்டு அறிவித்த லெனார்ட் பேர்ச்சலின் கற்றலீனா விமானத்தில் ஒன்பது பேர். மூன்று பேர் இறந்தார்கள், ஆறு பேரை ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போனார்கள். பேர்ச்சலை வைத்து விசாரித்த ஒஃபூனா முகாமின் கைதிகள் பெயரைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுப்பதேயில்லை. ஆள் உயிரோடு இருக்கிறார், காகிதத்தில் இல்லை. கடிதத்தை நம்பாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த உம்மாமாரை யார் குறை சொல்வது? வடக்கிலும் கிழக்கிலும் இன்றைக்கும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீதியில் இருக்கிறார்களே.

ஐரோப்பாவில் விழுந்தவர்களைப் போர் முடிந்தபின் ஊர் ஊராகப் போய்த் தேடுவதற்குத் தனிப் பிரிவே இருந்தது. விவசாயிகளையும் பாதிரிமாரையும் விசாரித்து, பெயரில்லாத குழிகளைத் திறந்து, மோதிரத்தையும் சட்டையில் தைத்திருந்த சலவைக் குறியையும் வைத்து ஆளை அடையாளம் கண்டார்கள். அங்கே குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறக்குறைய 125,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். எல்லோரும் தாமாக விரும்பிப் பறக்கச் சேர்ந்தவர்கள். அவர்கள் போட்ட குண்டில் ஹம்பேர்க்கிலும் டிரெஸ்டனிலும் குழந்தை குட்டிகளோடு ஆயிரக்கணக்கானோர் எரிந்ததும் வரலாறுதான். குண்டு விழுந்த பக்கத்தில் இருந்து வளர்ந்த நமக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஒருவர் எங்கே போனார் என்று தேடுவதால் அவர் செய்த வேலையைப் புகழ்வதாக ஆகாது.

கடலில் விழுந்தவர்களுக்கு அந்தத் தேடலும் இல்லை. நம் கடலில் போன பிரித்தானிய விமானப்படையினரின் பெயர்கள் இங்கே அல்ல, சிங்கப்பூரில் கிராஞ்சியில் உள்ள நினைவுத் தூண்களில் இருக்கின்றன. தெற்கு, கிழக்கு ஆசியாவிலும் சுற்றியுள்ள கடல்களிலும் காணாமல் போய் மையவாடி இல்லாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன.

அந்தத் தூண்களில் அந்த மூதாட்டியின் மாமாவின் பெயரைக் கண்டுபிடித்தோம். அவருடைய விமானத்தின் வரியையும் 541இல் பார்த்தோம். இறங்கிய நேரம் இல்லை. மாணவன் அதை அவங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். "கிழக்குப் பக்கம்" என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அங்கே விடியும்போது எப்படி இருக்கும் என்று கேட்டாங்களாம். அடுத்த நாள் சுபஹு தொழுதுவிட்டு உப்புவெளிக் கரைக்குப் போய் ஃபோனில் நான்கு நிமிடம் எடுத்து அனுப்பினேன். மீன் வள்ளங்கள் வந்துகொண்டிருந்த சத்தமும் அதில் விழுந்திருந்தது.

இனி என் விசயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மூத்தவாப்பாவின் தம்பி சீனக்குடாவில் கூலி வேலை செய்தவர். அந்த வியாழக்கிழமை விடிய முந்தி தோணியில் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போனவர்தான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. மூத்தம்மா சாகும் வரைக்கும் அவருக்குச் சோறு எடுத்துவைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் அந்த மூதாட்டிக்காக ஏழு கடல் தாண்டி ஆவணம் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதமும் கிடைக்கவில்லை. இலக்கம் இல்லை, படிவம் இல்லை, தந்தி வரவில்லை. காயிப் ஜனாஸா தொழுதார்களா என்பதைச் சொல்லக்கூட இப்போது ஆளில்லை. அதைவிட மோசம், அவரை வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயர் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். சம்பளப் பட்டியலில் என்ன பெயர் எழுதினார்களோ. பட்டியல் எங்காவது கிடைத்தாலும் எந்தப் பெயரில் தேடுவது?

அவர் மட்டுமாக இருக்க முடியாது. அன்று சீனக்குடாவிலும் துறைமுகத்திலும் வேலைக்கு நின்றவர்கள் கிண்ணியா, வெள்ளைமணல், மூதூர், தம்பலகாமம் எல்லா ஊரிலிருந்தும் போனவர்கள். முஸ்லிம், தமிழர், சிங்களவர், தோட்டப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று எல்லோரும் இருந்திருப்பார்கள்.

உங்கள் வீட்டில் தொண்ணூறைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே போய்ப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஜப்பான் குண்டு போட்ட அன்று யார் வேலைக்குப் போனார்கள், யார் வரவில்லை, மையத்து வந்ததா, எந்தப் பள்ளி மையவாடியில் அடக்கினார்கள். முழுப் பெயர், வாப்பாவின் பெயர், ஊர். பழைய சம்பளத் துண்டு, பாஸ், சப்பு ஒட்டிய கடிதம், எதுவாக இருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள். திருத்த வேண்டாம், சொன்னபடியே எழுதுங்கள். நான் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை நான்கு பெயர்கள். முதலாவது வரியில் எங்கள் ஆளின் செல்லப் பெயரை எழுதி, முழுப் பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.