இங்கிலாந்தில் பரிசு... ஜெர்மனியில் விஷம்! 'கிஃப்ட்' என்ற சொல்லின் கதை தெரியுமா?

ஜெர்மனியில் ஒரு பாட்டிலில் 'கிஃப்ட்' என்று எழுதியிருந்தால் ஆசையாகத் திறந்துவிடாதீர்கள். அங்கே அதற்கு விஷம் என்று அர்த்தம். யாராவது விஷம் குடித்துவிட்டால் உடனே போன் செய்யும் அவசர உதவி எண்ணுக்கே 'கிஃப்ட்நோட்ரூஃப்' என்றுதான் பெயர்.

ஆச்சரியம் என்னன்னா, ஆங்கில 'கிஃப்ட்'டுக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். 'கொடு' என்ற பழைய ஜெர்மானிய வினைச்சொல்லில் பிறந்தவை இரண்டும். அப்புறம் எப்படி விஷமாச்சு?

கிரேக்க மொழியில் 'டோசிஸ்' என்றாலும் 'கொடுத்தல்'தான். மருத்துவர்கள் அதை ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்துக்குச் சொன்னார்கள். நாம சொல்ற 'டோஸ்' அதுதான். அதைப் பார்த்தே ஜெர்மனியிலும் கொடுக்கும் மருந்தை 'கிஃப்ட்' என்றார்கள் என்பது மொழியியலாளர்களின் விளக்கம். மருந்து மெல்ல விஷமானது.

பழைய பொருள் முழுசா போயிடல. ஜெர்மன் மொழியில் வரதட்சணைக்குப் பெயர் 'மிட்கிஃப்ட்'.

ஸ்வீடனில் இன்னும் வேடிக்கை. 'யிஃப்ட்' என்று உச்சரிக்கும் இதே சொல்லுக்கு விஷம், கல்யாணமானவர் என இரண்டு அர்த்தமும் உண்டு. ஜோக் அடிக்கச் சொல்லியா தரணும்!

டச்சு மொழியில் 'கிஃப்ட்' என்றால் நன்கொடை. கடைசி எழுத்தை விட்டுவிட்டால்... விஷம்.